வனஜாவின் டிஸ்க்கைத் துடைக்காதே

ஆரணியில் கடை திறந்து முழுசாக மூன்று மாதம்கூட ஆகாத என் முதலாளி மகனுக்கு, காஞ்சிபுரத்திலிருந்து உன் அம்மா எழுதுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நான்கு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா, கஸ்டமர் நிக்கிறாங்க" என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது பார். இதை ஒளித்து வைத்துப் படிக்கவும் வேண்டாம். உன் கடையில் இருக்கிறவர்கள் படிக்கட்டும், ஏலத்தில் பழைய கம்ப்யூட்டர் எடுத்து விற்கிற தொழிலில் இருக்கும் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் அப்பாவே இதைக் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பார். அவருக்கு இட்லி வாங்கிக் கொடு, வெறும் டீயோடு அனுப்பிவிடாதே.

திங்கட்கிழமை நீ கூப்பிட்டு "அம்மா, லாட்டு நம்மளுது!" என்று கத்திய கத்தலில், ரிப்பேர் மேஜையில் இருந்த அப்பா ஸ்க்ரூ டிரைவரோடு எழுந்து வந்துவிட்டார். ஆரணியிலேயே மூடிப்போன ஒரு டிசைன் சென்டரின் பதினான்கு மெஷின்கள். கடனுக்காக வங்கி எடுத்து ஏலம் விட்டது. நீ தனியாகப் போய், தனியாகப் பார்த்து, தனியாகக் கேட்டு எடுத்த முதல் லாட். ஏலத்துக்கு முந்தின பார்வை நாளில் ஸ்க்ரூ தலையைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தேன், ஒன்றிலும் கீறல் இல்லை, யாரும் திறந்து ராம் உருவவில்லை என்றாய். கருகின வாசனை வருகிறதா என்று மூக்கை வைத்துப் பார்த்தாயா என்றேன். இரண்டில் வந்தது, அதை மனதில் வைத்துத்தான் விலை கேட்டேன் என்றாய். தூசு எங்கே படிந்திருந்தது என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே, "விசிறியில இருந்துச்சும்மா, அப்ப நல்லா ஓடின மெஷின்தான்" என்றாய். அடேயப்பா! எனக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன். டீ கொண்டுவந்தவரிடம்கூடச் சொன்னேன்.

பிறகு சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாய், குரல் வேறு மாதிரி இருந்தது. ஒரு மெஷினை ஓட்டிப் பார்த்தால் அதன் டிஸ்க் முழுக்கச் சேலை டிசைன். கரை, முந்தி, உடல் பூ என்று ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றின் மூலையிலும் வனஜா என்று ஒரு பெயர். அது எப்படித்தான் தெரிந்ததோ, ஒரு சேலை வியாபாரி வந்து "மெஷின் உனக்கே இருக்கட்டும், டிஸ்க்க மட்டும் குடு, வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த லாட் முழுவதற்கும் நீ கொடுத்த விலையை அந்த ஒரு டிஸ்க்குக்குத் தருகிறேன் என்றாராம். நீ ஆசைப்படவில்லை. அதை நான் கவனித்தேன். "விக்கவும் வாணாம், வெச்சுக்கவும் வாணாம்மா. நீ சொல்லிக் குடுத்த மாதிரி தொடச்சிட்றேன். பாவமும் இல்ல, புண்ணியமும் இல்ல" என்றாய். வெள்ளிக்கிழமை வரைக்கும் அதைத் தொடாதே என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். ஏன் என்று நீ கேட்டாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

விற்காதே என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தறி இருக்கிற ஊரில் பிறந்தவன் நீ. ஒரு சேலையை விரித்துவைத்துப் பார்த்து அதன் கரையைத் திருட வேண்டுமானால், மாதக்கணக்கில் உட்கார்ந்து கட்டம் கட்டமாக வரைய வேண்டும். ஃபைல் கையில் கிடைத்துவிட்டால் அன்றைக்கே தறிக்கு வேண்டிய ஓட்டை போட்ட அட்டையை அடித்து மறுநாள் தறியில் ஏற்றிவிடலாம். அந்த வியாபாரி விலை கேட்டது இரும்புக்கு இல்லை, வனஜா என்கிற அந்தப் பெண்பிள்ளை கண் எரிய, இடுப்பு நோக உட்கார்ந்து போட்ட உழைப்புக்கு. இது உனக்கும் தெரியும், அதனால்தான் உன் குரல் அப்படி இருந்தது. ஆனால் துடைத்துவிட்டால் சுத்தம் என்று நினைக்கிறாய் பார், அது நான் கற்றுக்கொடுத்தது. நம் கடைச் சுவரில் 'வந்த அன்றே துடை' என்று என் கையால் எழுதி ஒட்டியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. அந்தத் தாளை இன்று காலையில் கிழித்துவிட்டேன்.

நான் இந்தத் தொழிலில் தப்பே செய்யாதவள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. கிளப்பிவிட்டதே நான்தான். என் முதல் ஏலக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வேனே, நினைவிருக்கிறதா? ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் நாற்பது கம்ப்யூட்டர். ஆம்பளைகள் கூட்டத்தில் நான் ஒருத்திதான் பொம்பளை. விடுவேனா என்று ஏற்றிக் கேட்டு எடுத்துவிட்டேன். லாரியில் ஏற்றும்போதுதான் தெரிந்தது, பவர் கேபிள், மவுஸ், கீபோர்டு எல்லாம் தனி லாட்டாம். அதைப் பழைய இரும்புக் கடை ஜமால் பாய் எடுத்திருந்தார். கேட்டின் பக்கத்தில் கேபிள் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, "என்னாம்மா, ஆனைய வாங்கிட்டு அங்குசத்த வுட்டுட்டியே!" என்றார். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? வீட்டுக்கு வந்துதான் அழுதேன். அன்றிலிருந்து ஏலப் பட்டியலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மூன்று முறை படிக்காமல் நான் கை தூக்கியதில்லை. இந்த மாதிரித் தப்பெல்லாம் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள், நம்மையும் கெட்டிக்காரி என்பார்கள். சொல்லாமல் வைத்திருந்த தப்பு வேறு.

துடைக்கிற பழக்கம் நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தது. ஒரு டாக்டரின் கிளினிக்கிலிருந்து வந்த மெஷினைச் சும்மா ஓட்டிப் பார்த்தபோது, நம் தெருவில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெண்ணின் பெயரும் அவளுக்கு என்ன வியாதி என்பதும் கண்ணில் பட்டுவிட்டன. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவள் எதிரே வந்தால் என்னால் பழைய மாதிரி பேச முடியவில்லை. அவளும் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் வைத்தேன் அந்தச் சட்டம். எவன் வீட்டு டிஸ்க்காக இருந்தாலும் திறந்து பார்க்கக் கூடாது, கடைக்குள் வந்த அன்றே துடைத்துவிட வேண்டும். பேருக்கு ஃபார்மேட் இல்லை, மேலே மேலே எழுதி, எந்தக் கொம்பனாலும் திரும்ப எடுக்க முடியாதபடி. மற்ற கடைக்காரர்கள் ஒரு வாரம் போட்டு வைத்திருப்பார்கள், நான் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவேன். அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

சண்முகத்தை உனக்குத் தெரியும். பிள்ளையார்பாளையத்தில் அட்டை அடிக்கிற சென்டர் வைத்திருக்கிறாரே, அவர்தான். நமக்கு வருஷத்துக்கு நாலு கஸ்டமரை அனுப்புகிறவர், "அந்த அக்கா கடையில வாங்குங்க, ஏமாத்த மாட்டாங்க" என்று. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கடன் முட்டி, வங்கி அவர் சாமான்களை எடுத்து ஏலம் விட்டது. அதில் ஆறு மெஷின் கொண்ட லாட்டை நான் எடுத்தேன். காலையில் கடைக்கு வந்தது, மத்தியானத்துக்குள் ஆறு டிஸ்க்கையும் துடைத்துவிட்டேன். மறுநாள் காலையில் கடையைத் திறக்கிறேன், வாசலில் நிற்கிறார். தோய்த்து இஸ்திரி போட்ட சட்டை, கையில் பிரிக்காத புது பென் டிரைவ். "அக்கா, மெஷின் உங்களுது, அத நான் கேக்கல. அந்தப் பெரிய மெஷினுக்குள்ள நான் போட்ட டிசைன்ங்க இருக்குது. ஒரே ஒரு காப்பி எடுத்துக்கினு போயிட்றேன்" என்றார். எத்தனை வருஷத்து டிசைன்பா என்று கேட்டேன், என் நாக்கு சும்மா இருக்காமல். பதினோரு வருஷம் என்றார்.

துடைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது குற்றமில்லை. உள்ளது உள்ளபடி எடுத்த பொருள், என் கடை வழக்கம், யாரும் என்னை ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அந்தச் சட்டையைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை. கடை வாசலில் ஒரு ஆம்பளை அழப்போகிறார், நாலு பேர் கூடுவார்கள், ஏலக்கார அம்மா குடியைக் கெடுத்தாள் என்று ஊர் பேசும் என்றெல்லாம் ஒரு நொடியில் ஓடியது. அதனால், "டிஸ்க் வரும்போதே செத்துப்போயித்தான்பா வந்துச்சு" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. நம்புகிற மாதிரி இருக்கட்டும் என்று இன்னொரு வரியையும் சேர்த்தேன். "ஏத்தும்போது யாரோ கீழ போட்டிருப்பாங்க போல." அவர் முகம் அப்படியே மாறிப்போனது. டிசைன் போன துக்கம் என்று நினைத்தேன். "கீழ உழுந்திச்சா?" என்று மெல்லக் கேட்டார். ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அப்பா மேஜையில் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

மனுஷன் விழுந்துவிடவில்லை. வாடகை மெஷினில் உட்கார்ந்து, கண்ணில் நின்றதையும், பழைய சேலைகளைக் கடன் வாங்கிப் பார்த்ததையும் வைத்து மறுபடி வரைந்து எழுந்துவிட்டார். இன்று அவர் சென்டரில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். பார்த்தாயா, ஒன்றும் குறைந்துபோகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் அனுப்பிய கஸ்டமர் ஒவ்வொருவர் வரும்போதும் நெஞ்சில் ஒரு முள் குத்தும், அந்த ஆளுக்கு விலையைக் கொஞ்சம் குறைத்துப் போட்டு அனுப்புவேன். அப்படியே ஓடியது ஒன்பது வருஷம். நீ போன் செய்யாமல் இருந்திருந்தால் இன்னும் ஒன்பது வருஷம் ஓடியிருக்கும், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நீ அந்த வனஜாவைத் தேடிப் பிடித்து டிஸ்க்கைக் கொடு என்று எழுதத்தான் திங்கட்கிழமை ராத்திரியே பேனாவை எடுத்தேன். ஒரு வரிகூட ஓடவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்று என்னையே எனக்குத் திட்டத் தோன்றியது. செவ்வாய்க்கிழமை காலையில் அப்பாவிடம், வண்டியை எடுங்க, பிள்ளையார்பாளையம் போகணும் என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

சண்முகம் மெஷினில் அட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். "வாங்கக்கா, சொல்லியனுப்பினா நானே வந்திருப்பேனே" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு கதை பேசிவிட்டு எழுந்துவிடுவேன் என்று எனக்கே என்னைத் தெரியும். நின்றபடியே சொன்னேன். உன் டிஸ்க் சாகலைபா, நல்லாத்தான் இருந்துச்சு, நீ வர்றதுக்கு முன்னாடி நாள் நான்தான் துடைச்சேன், உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். அவர் கை நீட்டி மெஷினை நிறுத்தினார். திட்டப்போகிறார் என்று தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை. "அப்ப கீழ உழல?" என்று கேட்டார். உழல என்றேன். "எங்கியும் இடிக்கல?" இடிச்சிருந்தா மெஷின் ஓடியிருக்காதுபா, ஆறும் ஓடுச்சு என்றேன். நாற்காலியை எனக்குப் போட்டவர் அதில் அவரே உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, வேலு..." என்றார். வேலு அவர் தம்பி. அன்றைக்கு வங்கி ஆட்கள் வேனில் ஏற்றும்போது, அவர்கள் தூக்கிப் போடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் வேலுதான் மெஷின்களை ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திக் கொண்டுபோய் வைத்திருக்கிறான். அதில் டிசைன் இருந்த அந்தப் பெரிய மெஷின் படியில் லேசாகத் தட்டியிருக்கிறது. சண்முகம் அதைப் பார்த்திருக்கிறார். "நீங்க கீழ போட்டிருப்பாங்கன்னு சொன்னீங்க. நேரா ஊட்டுக்குப் போயி அவன அடிச்சிட்டேங்க்கா. அவன் பொண்டாட்டி புள்ளைங்க முன்னால. என் பதினோரு வருசத்த ஒடச்சிட்டியேடான்னு. மெதுவாத்தாண்ணா வெச்சேன், மெதுவாத்தாண்ணா வெச்சேன்னு சொல்லிக்கினே இருந்தான். நம்பல நானு." அந்த வாரமே வேலு குடும்பத்தோடு மாமனார் ஊரான கூரத்துக்குப் போய்விட்டான். அதற்கப்புறம் அண்ணன் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. "எங்கம்மா செத்தப்போகூட வந்தான். என் மூஞ்சியப் பாக்காம பாடையத் தூக்கிட்டுப் போயிட்டான்" என்றார் சண்முகம்.

டிசைன் போனது எனக்குத் தெரியும். இது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. போகிற போக்கில் நான் ஒட்டவைத்த அந்த ஒரு வரி, ஒரு வீட்டுக்குள் போய் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறது. என்னைத் திட்டுபா, நாலு வார்த்தை திட்டிடு என்று நானே கேட்டேன், அழுகை வேறு வந்துவிட்டது எனக்கு. "உங்கள அப்புறமாத் திட்றேன். மொதல்ல கெளம்புங்க. நான் சொன்னா அவன் நம்ப மாட்டான், நீங்கதான் சொல்லணும்" என்று செருப்பைக்கூடத் தேடாமல் வண்டியை எடுத்தார்.

கூரத்தில் நடந்ததை எழுதுவதற்கு முன்னால் உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னால் எழுத முடியாது. ஆரணியில் சேலைக்கு டிசைன் போடுகிற வனஜா எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? அட்டை அடிக்கிற இடத்தில் கேள், ஒரு மணி நேரத்தில் வீட்டைக் காட்டிவிடுவார்கள். அந்த டிஸ்க்கை மெஷினிலிருந்து கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போ. காப்பி எடுத்து வைத்துக்கொள்ளாதே. ஏலத்தில் எடுத்தது, உள்ளே இது இருந்தது, இது உங்களுடையது என்று சொல், அது போதும். மெஷின் எப்படி இருந்தது, யார் கை பட்டது, எதனால் கடன் முட்டியது, எவர் சரியில்லை, ஒன்றும் பேசாதே. அவர் கேட்டாலும் தெரிந்ததை மட்டும் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். வெள்ளிக்கிழமை அந்த வியாபாரி வந்தால், சொந்தக்காரரிடம் கொடுத்தாயிற்று என்று முகத்தைப் பார்த்துச் சொல். கோபித்துக்கொண்டு போனால் போகட்டும், அவரை நம்பியா நாம் கடை வைத்தோம்? இனிமேல் எந்த லாட் எடுத்தாலும், முன்னால் வைத்திருந்தவருக்கு ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டு, அப்புறம் துடை. சட்டம் வேண்டும்தான். ஆளைக் கேட்ட பிறகு வேண்டும்.

நாங்கள் போய்ச் சேரும்போது வேலு வாசலில் லோடு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். ஊர் ஊராக வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குவதுதான் இப்போது அவன் தொழில். அண்ணனைப் பார்த்ததும் கையில் இருந்த குழாயைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போகத் திரும்பினான். "வேலு, நில்லுடா. இந்த அம்மா இன்னா சொல்றாங்கன்னு கேளு" என்றார் சண்முகம். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். நீ கீழ போடலப்பா. ஒண்ணும் ஒடையல. நான்தான் துடைச்சேன், நான்தான் உங்கண்ணன்கிட்ட பொய் சொன்னேன். தண்ணீர் பாட்டுக்கு வாசலெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் குழாயை மூடவில்லை. அவன் மனைவி கதவருகே வந்து நின்றாள். என்னைப் பார்த்து, "ஒன்பது வருசமா இவுரு ஒரு கண்ணாடி டம்ளரத் தூக்கணும்னாகூட ரெண்டு கையால தூக்கறாரும்மா" என்றாள்.

வேலு திரும்பினான். அண்ணனைப் பார்த்து, "மெதுவாத்தாண்ணா வெச்சேன்" என்றான். சண்முகம் ஈரத்திலேயே அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டார். நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், மன்னிச்சுக்கோப்பா என்றோ என்னவோ. வேலு கையைக் காட்டி என்னை நிறுத்தினான்.

"நீங்க போங்கம்மா. நான் எங்கண்ணங்கூடப் பேசணும்" என்றான்.

அப்பாவும் நானும் வந்துவிட்டோம். நீ இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, டிஸ்க்கை எடுத்துக்கொண்டு இப்போதே புறப்படு.

அம்மா